காளான் யாருக்கும் தோட்டி இல்லை

பிச்சாவரத்துச் சதுப்புக்காட்டைப் பற்றி இப்போது நிறையப் பேர் பேசுகிறார்கள். 2022இல் அது ராம்சார் பட்டியலில் சேர்ந்தபிறகு பேச்சு இன்னும் கூடியிருக்கிறது. பறவையைப் பற்றிப் பேசுகிறார்கள், சுரபுன்னையைப் பற்றிப் பேசுகிறார்கள், 2004 சுனாமியில் அலையின் வேகத்தைக் காடு தணித்ததைப் பற்றிப் பேசுகிறார்கள். அபூர்வமாக யாராவது அந்தக் காட்டுக்குள் விழுந்துகிடக்கிற கட்டைகளைப் பற்றியும் அவற்றை மக்கவைக்கிற பூஞ்சைகளைப் பற்றியும் பேச ஆரம்பித்தால் எப்படியும் ஒரு வாசகத்தில் வந்து நிற்பார்கள்: காளான்கள்தாம் காட்டின் துப்புரவுத் தொழிலாளிகள். கொஞ்சம் பழைய ஆளாக இருந்தால் காட்டின் தோட்டி என்றே சொல்லிவிடுவார். சொல்கிறவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. காளானைப் பாராட்டுவதாகத்தான் நினைக்கிறார்கள். போகிற போக்கில் நம்மையும் சேர்த்துப் பாராட்டிவிட்டதாகக்கூட நினைக்கலாம். எனக்கு இந்தப் பாராட்டில்தான் சிக்கல் இருக்கிறது.

காளானைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. பூமியில் 25 லட்சம் வகைப் பூஞ்சைகள் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். பேர் வைக்கப்பட்டவை ஒன்றரை லட்சத்துச் சொச்சம்தான். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் 2025 மார்ச் வரை ஆராயப்பட்டிருந்தவை 1,300. அவற்றில் 411 வகைகளாவது அழியும் ஆபத்தில் இருப்பவை. காடுகளை வெட்டுவதும் காட்டை வயலாகவும் நகரமாகவும் மாற்றுவதும் முக்கியக் காரணங்கள். நம் நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. அதன் அட்டவணைகளில் விலங்கு இருக்கிறது, பறவை இருக்கிறது, பிற்பாடு சேர்த்த சில செடிகள் இருக்கின்றன. பூஞ்சை இல்லை. சேர்க்க வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். ஆனால் ஏன் காக்க வேண்டும் என்பதற்கு என்ன காரணம் சொல்கிறோம் என்பது சின்ன விஷயமில்லை. காளானுக்கு இன்று சொல்லப்படுகிற காரணம், நம்மீது ஏற்கெனவே ஏவிப் பார்க்கப்பட்ட காரணம்.

முதலில் அது என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். மரத்தில் முளைக்கிற காளானுக்கு எங்கள் பக்கத்தில் தனி மரியாதை கிடையாது. குடை மாதிரி இருந்தால் நாய்க்குடை. காது மாதிரி, பலகை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தால் மரக்காளான். கட்டைக்குள்ளே அது செய்கிற காரியத்துக்குத்தான் சொற்கள் அதிகம்: உளுத்துப்போச்சு, மக்கிப்போச்சு, இத்துப்போச்சு. நாம் பார்க்கிற குடையும் பலகையும் வித்து விடுவதற்காக அது வெளியே நீட்டுகிற உறுப்பு மட்டுமே. உடம்பு உள்ளே இருக்கிறது, மயிரிழையைவிட மெல்லிய நூல்களாக, கட்டை முழுக்கப் பரவி.

மரம் என்பது பெரும்பாலும் செல்லுலோஸ் என்கிற நாரும் அந்த நாரை இறுக்கிப் பிடித்திருக்கிற லிக்னின் என்கிற பொருளும்தான். லிக்னின் மட்டும் எடையில் ஏறக்குறைய கால் பங்கு. அதை முழுசாக உடைத்துக் கரைக்கத் தெரிந்த உயிர்கள் உலகத்திலேயே மிகக் குறைவு. அவற்றில் முதன்மையானவை கட்டையை வெளுக்கவைத்துப் பஞ்சாக்கிவிடுகிற பூஞ்சைகள். இன்னொரு வகைப் பூஞ்சை நாரைத் தின்றுவிட்டு லிக்னினைப் பழுப்பாக, சதுரம் சதுரமாக வெடித்த நிலையில் விட்டுவிட்டுப் போகும்.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே பார்த்திருக்கிறேன். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்தபோது பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. எங்கம்மா முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கப் போன கூலி. தோப்புக்காரர்களுக்கு நிவாரணம் வந்தது. கொட்டை பொறுக்கினவர்களுக்கு அடுத்த பல வருஷம் பொறுக்க எதுவும் இல்லை. லாரி வைத்து விறகு ஏற்றிப்போன வியாபாரிகள் விட்டுப்போன அடிமரங்கள் மட்டும் கிடந்தன. முதல் மழைக்கு எதுவும் தெரியவில்லை. பிறகு ஓரங்களில் பலகை பலகையாக மரக்காளான் வந்தது. மூன்றாம் மழைக்குக் கால் பெருவிரலால் குத்தினால் பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே மரவட்டை, செல்லு, பூரான் என்று ஓர் ஊரே இருந்தது. மரத்தைச் சாய்த்தது புயல். கிடந்த கட்டைக்குள் ஓர் ஊரைக் குடிவைத்தது காளான்.

காளானால் வேலை செய்ய முடியாத இடம் எப்படி இருக்கும் என்பதற்கும் நம் மாவட்டத்திலேயே சாட்சி உண்டு. நெய்வேலியில் 1956இல் நிறுவனம் தொடங்கித் தோண்டிக்கொண்டிருக்கிற பழுப்பு நிலக்கரி கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே இருந்த சதுப்புக்காடு. கட்டைகள் நீருக்கடியில் காற்றில்லாமல் புதைந்துபோனதால் பூஞ்சையால் அவற்றைத் தின்று முடிக்க முடியவில்லை. அந்தக் கரிக்குள் பூஞ்சை வித்துகளை ஆய்வாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். முயன்று பார்த்திருக்கிறது, முடியவில்லை. அது தின்னாமல் விட்ட கட்டையை இன்று நாம் எரித்து மின்சாரமாக்குகிறோம்.

பிச்சாவரத்தில் நிலைமை இரண்டுக்கும் நடுவில். வெள்ளாற்று முகத்துக்கும் கொள்ளிடத்து முகத்துக்கும் இடையில் ஓதம் ஏறி இறங்குகிற இடம். கட்டை நாளுக்கு இரண்டுமுறை உப்புத்தண்ணீரில் முழுகி எழும். அதிலும் வாழத் தெரிந்த பூஞ்சைகள் இருக்கின்றன. ரவிக்குமார், விட்டல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1996இல் வெளியிட்ட கட்டுரையில், பிச்சாவரத்தில் மக்கிக்கொண்டிருந்த சுரபுன்னையில் மட்டும் 48 வகைப் பூஞ்சைகளைக் கணக்கெடுத்துச் சொன்னார்கள். பல கண்ணுக்குக் கரும்புள்ளியாகத்தான் தெரியும். இவை கடித்துப் பதமாக்கிய இலையையும் கட்டையையும்தான் நண்டும் இறாலும் தின்கின்றன. அந்த இறாலைத்தான் கிள்ளைப் பக்கத்து இருளர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, ஓலைப்பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, வெறும் கையால் தடவிப் பிடிக்கிறார்கள்.

இவ்வளவையும் பார்த்தபிறகு கேட்கிறேன்: இதில் தோட்டி வேலை எங்கே இருக்கிறது?

காளான் யாருக்காகவும் எதையும் சுத்தம் செய்யவில்லை. அது தின்கிறது, வளர்கிறது, வித்து விடுகிறது. மான் புல்லைத் தின்றால் அதை மேய்ச்சல் என்கிறோம். புல்லைப் பெருக்கித் தள்ளும் வேலையாள் என்று மானை யாரும் சொல்வதில்லை. புலி மானைத் தின்றால் அதை வேட்டை என்று சொல்லி ராஜா பட்டமும் கொடுக்கிறோம். செத்ததைத் தின்கிற உயிருக்கு மட்டும் தின்பது வேலையாகிவிடுகிறது. அந்த வேலையும் யாரோ எஜமானுக்குச் செய்கிற ஊழியமாகிவிடுகிறது. காட்டில் எஜமான் யார்? அழுக்கு எது? இலை உதிர்வது காட்டுக்கு அழுக்கு இல்லை. பட்டமரம் காட்டுக்கு அசிங்கம் இல்லை. வாசலைக் கூட்ட ஓர் ஆளும், கூட்டியதைத் தள்ள ஒரு சேரியும் தேவைப்படுகிற ஊரைத் தலையில் வைத்துக்கொண்டு காட்டைப் பார்ப்பவர்களுக்குத்தான் அங்கே தோட்டி தெரிகிறான்.

உவமை ஒருபக்கம் மட்டும் வேலை செய்வதில்லை. காளானைத் தோட்டி என்று சொல்லும்போதே தோட்டியைக் காளான் என்றும் சொல்லியாகிவிட்டது. அழுகல் இருக்கும் இடத்தில் காளான் இருப்பது அதன் இயற்கை. அப்படியானால் சாக்கடை இருக்கும் இடத்தில் சிலர் இருப்பது அவர்கள் இயற்கை. இந்த வாதம் புதுசு இல்லை. காந்தி 1936இல் ‘ஹரிஜன்’ இதழில் லட்சிய பங்கி எப்படி இருக்க வேண்டும் என்று கட்டுரை எழுதினார். மலம் அள்ளுவதை மேலான தொண்டாக உயர்த்தினார். அதே 1936இல் வெளிவந்த ‘சாதி ஒழிப்பு’ நூலில் அம்பேத்கர், சாதி என்பது வேலைகளைப் பிரிப்பது மட்டும் அல்ல, வேலை செய்கிறவர்களையே பிரிப்பது என்று காட்டினார். 1945இல் எழுதும்போது, இழிவான தொழிலை உன்னதமானது என்று புகழ்ந்து அதைச் செய்கிறவனை அதிலேயே நிறுத்திவைக்கும் தந்திரத்தைக் கிழித்துப் போட்டார். இழிவு என்று சொல்லி வைத்திருந்தால் என்றைக்காவது கோபம் வரும். உன்னதம் என்று சொல்லிவிட்டால் கோபப்படவும் கூச்சமாகிவிடும்.

2004 டிசம்பர் 26ஐ நினைத்துப் பாருங்கள். நாகப்பட்டினத்துக் கரையில் உடல்கள் அழுக ஆரம்பித்தபோது வெளியூர் நகராட்சிகளிலிருந்து துப்புரவுப் பணியாளர்களை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். யாரை இறக்கினார்கள் என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். சாக்கடையில் செத்தவன் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம் 2023இல் முப்பது லட்சம் என்றது. தொகை ஏறிக்கொண்டிருக்கிறது என்றால் ஆள் இறங்கிக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். காளான் விஷவாயு தாக்கிச் சாவதில்லை.

உவமை அறிவியலாகவும் தப்பு. இதைச் சொல்ல நான் சிதம்பரத்துக்குப் போகவேண்டியிருக்கிறது.

சிதம்பரத்தின் பழைய பேர் தில்லை. தில்லை என்பது ஒரு மரம். ஒடித்தால் பால் வடியும். கண்ணில் பட்டால் கண் போய்விடும் என்று பயப்படுவார்கள். நடராசர் கோயிலின் தலமரம் அதுதான். ஒருகாலத்தில் தில்லைவனமாக இருந்ததாகச் சொல்லப்படுகிற ஊரில் இன்று தில்லையைப் பார்க்க வேண்டுமென்றால் கிழக்கே பிச்சாவரத்துக்குத்தான் போக வேண்டும். அதாவது பேர் கோயிலுக்குள் போய்விட்டது, மரம் வெளியே சேற்றில் நிற்கிறது. இப்படிப் பேரை மட்டும் உள்ளே எடுத்துக்கொண்டு ஆளை வெளியே நிறுத்துகிற பழக்கம் அந்த ஊருக்குப் புதுசு இல்லை.

எம்.ஏ. படிக்கும்போது பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் புராணம் எங்களுக்குப் பாடம். நடத்தியவர் பக்தியைப் பற்றி ஒரு மணிநேரம் பேசினார். நந்தன் என்ன வேலை செய்தார் என்ற இடத்தை ஒரு நிமிஷத்தில் தாண்டிப் போனார். சேக்கிழார் தாண்டவில்லை. ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்த நந்தன் கோயில்களின் முழவுகளுக்குத் தோலும் வாரும் கொடுத்தார், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுத்தார், பூசைக்குக் கோரோசனை கொடுத்தார் என்று கணக்காகச் சொல்கிறார். எல்லாம் செத்த மாட்டின் உடம்பிலிருந்து வந்தவை. அந்தத் தோல் சந்நிதியில் முழங்கலாம். உரித்தவன் உள்ளே வரக்கூடாது.

இந்தப் பகுதியை நான் பலமுறை படித்திருக்கிறேன். படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தெளிவானது. நந்தன் செய்தது காளான் செய்கிற வேலையே இல்லை. அதற்கு நேர் எதிரான வேலை. செத்த மாட்டை அப்படியே விட்டால் பாக்டீரியாவும் புழுவும் தின்று தீர்த்துவிடும். உரித்து, மயிர் களைந்து, பட்டைச்சாறு ஏற்றிப் பதப்படுத்தினால்தான் தோல் வருஷக்கணக்கில் நிற்கும். பட்டையில் இருக்கிற துவர்ப்புப் பொருள் தோலை மக்கவிடாமல் செய்கிறது. மரம் தன்னைப் பூஞ்சையிடமிருந்தும் பூச்சியிடமிருந்தும் காத்துக்கொள்ள வைத்திருக்கிற அதே பொருள். சுரபுன்னைப் பட்டையிலும் அது ஏராளம். அழுகலை நிறுத்தத் தெரிந்த ரசாயன அறிவு நம் முன்னோர் கையில் இருந்தது. அழுகலை நிறுத்தியவனை அழுகலோடு சேர்த்துவைத்து, இரண்டும் ஒன்று என்று சொன்னதுதான் தீட்டுக் கருத்தியலின் கைங்கரியம். இன்று சூழலியல் மொழியில் தோட்டியும் காளானும் ஒன்று என்று சொல்லும்போது பழைய பொய்தான் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வருகிறது.

காளான்மீது பார்ப்பனியத்துக்கு இருந்த வெறுப்பும் பழசு. மனுவின் ஐந்தாம் அத்தியாயம் இருபிறப்பாளன் தின்னக்கூடாதவற்றில் பூண்டு, வெங்காயத்தோடு காளானையும் அசுத்தமான இடத்தில் முளைப்பவற்றையும் வைக்கிறது. தெரிந்தே தின்றால் சாதியிலிருந்து விழுவான் என்கிறது. அந்த வரிசையில் ஊர்ப்பன்றியும் உண்டு. இங்கே ஒரு பக்கவாட்டுச் செய்தி. புத்தர் கடைசியாக உண்டது சுந்தன் என்ற கொல்லன் கொடுத்த உணவு. அது பன்றிக்கறி என்று சிலர் பொருள் சொல்கிறார்கள், ஒருவகைக் காளான் என்று சிலர் சொல்கிறார்கள். எதுவாக இருந்தாலும் மனு பிற்பாடு எழுதிய பட்டியலுக்குள் ஏறக்குறைய வந்துவிடுகிறது. உண்டபின் நோய் முற்றியபோது, சுந்தனை யாரும் குறை சொல்லக்கூடாது, ஞானம் பெறுவதற்குமுன் தான் உண்ட உணவுக்கு இணையானது இது என்று ஆனந்தரிடம் புத்தர் சொல்லிவைத்தார். தில்லையில் நந்தனுக்குக் கிடைத்தது வேறு. தீ வளர்த்து அதில் இறக்கினார்கள். மறுபக்கம் பூணூலோடு முனிவராக ஒருவர் வெளியே வந்தார் என்கிறது புராணம். இறங்கிய புலையன் எங்கே என்று அது சொல்லவில்லை. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் சகஜானந்தர் 1916இல் அதே சிதம்பரத்தில் நந்தன் பேரில் பள்ளிக்கூடம் தொடங்கினார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். தீயில் இறங்காமல் உள்ளே போக அது ஒரு வழி.

சரி, தோட்டி என்று சொல்லவில்லை, பயன் உள்ளது என்று சொல்லிக் காக்கலாமே என்று கேட்பார்கள். பயனுக்குக் குறைவில்லைதான். கட்டையை வெளுக்கவைக்கும் பூஞ்சைகளின் நொதிகள் சாயக்கழிவையும் சில நச்சு ரசாயனங்களையும் உடைக்கக்கூடியவை. கடலூர் சிப்காட் காற்றையும் தண்ணீரையும் அனுபவித்தவர்களுக்கு இது ஆசை காட்டுகிற செய்தி. ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. அதே வேலையை மலிவாகச் செய்ய நாளைக்கு ஒரு தூள் வந்துவிட்டால் பூஞ்சை எதற்கு? 48 வகையில் 40 வகைக்குப் பயன் எதுவும் தெரியவில்லை என்றால் அவை போகட்டுமா? நம்மை இந்தக் கணக்கில் வைத்து எடைபோட்டிருக்கிறார்கள். நடவுக்கு ஆள் வேண்டும் என்றவரை சேரி வேண்டியிருந்தது. இயந்திரம் வந்தபிறகு சேரிக்காரன் ஊருக்குப் பாரம். பயனுக்காகக் கொடுத்த மதிப்பு கூலி மாதிரி. வேலை முடிந்ததும் நின்றுவிடும். உயிர்வாழும் உரிமையைக் கூலியாக வாங்கக்கூடாது என்று நாம் நமக்காகச் சொல்கிறோம். அந்த வாக்கியத்தை நமக்கு மட்டும் என்று எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

இதைத் தொழிற்சங்கத் தோழர் ஒருவரிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “மனுசன் சாக்கடையில செத்துக்கிட்டிருக்கான், நீங்க காளானக் காப்பாத்தக் கெளம்பிட்டீங்களா தோழர்? நாளைக்கு அந்தக் காளான் பேரச் சொல்லி ஃபாரஸ்ட்காரன் வெறகு பொறுக்கறவள அடிப்பான். அப்பவும் தத்துவம் பேசுவீங்களா?” என்றார். முதல் கேள்வியை விட்டுவிடலாம். ஒன்றைச் செய்தால் இன்னொன்றைச் செய்ய முடியாது என்று இல்லை. இரண்டாவது கேள்வி நியாயமானது. கட்டையை மக்கவைக்கும் பூஞ்சை வாழ வேண்டுமானால் கட்டை காட்டிலேயே கிடக்க வேண்டும். கட்டை கிடக்க வேண்டுமானால் யாரோ அதை எடுக்காமல் இருக்க வேண்டும். யார் அந்த யாரோ? சுள்ளி பொறுக்கப் போய் வனக்காவலர் வருகிறார் என்றதும் கட்டைத் தலையிலிருந்து தள்ளிவிட்டு ஓடியவள் நான். சிறுமியாக இருந்தபோது. வேறு ஒரு காட்டில்.

அதனால் இதைக் கிள்ளைப் பக்கத்து இருளர் ஆயா ஒருவரிடமே கேட்டேன். சிரித்துவிட்டார். “ஏம்மா, இத்துப்போன கட்டைய யாரு தூக்குவா? தலைக்குக் கனந்தான் மிச்சம். அடுப்புல வெச்சா எரியாது, பொகஞ்சிக்கிட்டே கெடக்கும். தில்லக் கட்டைய நான் தொடவே மாட்டேன், பொக பட்டா கண்ணு எரியும். நாங்க ஒடிக்கிறது காஞ்ச மெலாறு.” காளான் எடுத்துக்கொண்ட கட்டை அடுப்புக்கு ஆகாது. பெருங்கட்டையை ஒரு பெண் தலைச்சுமையாகத் தூக்கவும் முடியாது. பலகைக்காளான்கள் பலவற்றுக்கு வேண்டியதோ அந்தப் பெருங்கட்டைதான், வருஷக்கணக்கில் கிடக்கிற அடிமரம்.

அப்படியானால் அடிமரத்தை யார் எடுத்தார்கள்? பிச்சாவரத்தில் இதற்குப் பதில் ஆவணமாகவே இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து 1970கள் வரை அங்கே கூப்பு முறையில் காடு வெட்டப்பட்டது. பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் மொட்டையாக வெட்டுவது. வெட்டியது அரசு நிர்வாகம். நிழல் போனதும் சேறு வெயிலில் காய்ந்து தாழ்ந்தது. தாழ்ந்த இடத்தில் ஏறிய ஓதம் இறங்கவில்லை. தேங்கி, வற்றி, உப்பு கூடி, கண்டல் விதை ஊன்ற முடியாத தரையாகிவிட்டது. காடு அழிந்ததற்கு ஆடுமாடும் விறகு பொறுக்கிகளும்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வனத்துறையோடும் ஊர்மக்களோடும் சேர்ந்து ஆராய்ந்தபோதுதான் கூப்பு வெட்டின் கதை வெளியே வந்தது. மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி ஓதத்தை ஏறி இறங்கவிட்டார்கள். 1986க்கும் 2002க்கும் இடையில் கண்டல் பரப்பு ஏறக்குறைய 90 விழுக்காடு கூடியது. வாய்க்கால் வெட்டியவர்களில் விறகு பொறுக்கிகள் என்று பழிக்கப்பட்ட ஊர்க்காரர்களும் உண்டு.

வேறு நாடுகளிலும் இதே கதைதான். பின்லாந்து, சுவீடன் காடுகளில் வணிக மரவளர்ப்பு வந்தபிறகு பட்டமரமும் விழுந்த மரமும் பழைய அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டன. அவற்றை நம்பியிருந்த பலகைக்காளான்கள் சிவப்புப் பட்டியலுக்கு வந்தன. அமெரிக்காவின் மேற்குக் கரையில் பிரிட்ஜியோபோரஸ் நோபிலிசிமஸ் என்று ஒரு காளான் உண்டு. ஒற்றைக் காளானே நூறு கிலோவுக்கு மேல் போகும். முதிர்ந்த பெருமரங்களை வெட்டித் தள்ளியதில் அரிதாகிப்போய், 1994இல் வந்த அந்தப் பகுதிக் காட்டுத் திட்டத்தில் தேடிக் காக்கவேண்டிய உயிர்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. அங்கேயும் அதன் வீட்டைப் பிடுங்கியது மரக்கம்பெனிதான். அடுப்பெரித்த கிழவி இல்லை. காளானுக்கும் விறகுக்காரிக்கும் சண்டை என்பது மரம் வெட்டியவர்களுக்குச் சௌகரியமான கதை.

அதனால் என் கோரிக்கை இரண்டும் சேர்ந்ததுதான். பட்டமரத்தையும் விழுந்த அடிமரத்தையும் ஏலம் விடாமல், அப்புறப்படுத்தாமல் காட்டிலேயே விட வேண்டும். நடப்பட்ட கன்றுகளை எண்ணுகிறவர்கள் கிடக்கிற கட்டைகளையும் எண்ண வேண்டும். 2006 வன உரிமைச் சட்டம் சுள்ளியையும் அடிக்கட்டையையும் சிறு வனப்பொருளாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு, அவற்றைச் சேகரிக்கும் உரிமையைக் காடுசார்ந்த மக்களுக்குக் கொடுத்திருக்கிறது. காளானின் பேரைச் சொல்லி அந்த உரிமையில் கைவைக்கக் கூடாது. எவ்வளவு எடுப்பது, எதை விடுவது என்பதை எடுத்துப் பழகியவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். 2002 பல்லுயிர்ச் சட்டப்படி ஊராட்சிதோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். அதில் பூஞ்சையும் ஏற வேண்டும், சொல்கிறவர்களின் சொல்லோடு ஏற வேண்டும்.

தோழர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. மழை விட்டதும் கிள்ளைக்கு வருகிறேன், அந்த ஆயாவிடம் நானே கேட்கிறேன் என்றிருக்கிறார். வரட்டும். நான் போன தடவை தில்லைக் கட்டையில் ஒட்டியிருந்த பலகைக்காளான் ஒன்றைக் காட்டி, இதற்கு உங்கள் பேச்சில் என்ன பேர் என்று ஆயாவைக் கேட்டேன். வெகுநேரம் யோசித்தார். “எங்கம்மா ஒரு பேரு சொல்லும். நாக்குலயே நிக்குது, வரமாட்டேங்குது. எங்க அக்கா கெழவி ஒண்ணு கெடக்குது, அதுக்குத் தெரியும், கேட்டு வெக்கிறேன்” என்றார்.